நுரையீரலில் பூஞ்சை: ஸ்லைடுகளின் முன் அமர்ந்து கற்றுக்கொண்டவை

வலது நுரையீரலின் மேல்மடல் ஒன்று, திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவ வாளியில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. உடன் வந்த படிவத்தில் நோயாளியின் வயதுக்கும் பெயருக்கும் கீழே ‘பழைய டி.பி., இருமலில் இரத்தம்’ என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். நான் அப்போது நோய்க்குறியியலில் (பேத்தாலஜி) முதுநிலை மாணவி. மடலை நீளவாக்கில் அறுத்தபோது எலுமிச்சை அளவில் ஒரு பொந்து தெரிந்தது. அதன் உள்ளே அழுக்கு மஞ்சளும் பழுப்பும் கலந்த ஓர் உருண்டை கிடந்தது. கையுறை விரலால் அழுத்தினால் பிண்ணாக்கைப் போல உதிர்ந்தது. அதை எடுத்து வெட்டி, மெழுகில் பதிக்க அனுப்பும் அவசரத்தில் நான் இருந்தேன். பின்னால் நின்ற பேராசிரியர், “உருண்டை சுவரோடு ஒட்டியிருந்ததா, தனியாக உருண்டுகொண்டிருந்ததா என்று எழுதிவிட்டாயா அம்மா? அதை நீ இப்போது பார்க்காவிட்டால் இனி யாராலும் பார்க்க முடியாது” என்றார். நுரையீரலில் வரும் பூஞ்சை நோய்களைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அதைவிட முக்கியமான பாடம் எதையும் நான் கற்றதாக நினைக்கவில்லை.

உருண்டை தனியாகத்தான் கிடந்தது. மூன்றாம் நாள் ஸ்லைடில் பார்த்தபோது அது முழுவதும் பூஞ்சை இழைகளாக இருந்தது. வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காக வளர்ந்து, உள்ளடுக்குகள் செத்து, வெளியடுக்குகள் மட்டும் உயிரோடு இருந்தன. பொந்தின் காற்றுப் பட்ட ஓரத்தில் ஓரிடத்தில் இழையின் நுனி குமிழாகப் பருத்து, அதிலிருந்து வித்துகள் சரம் சரமாகத் தொங்கின. 1729-ல் இத்தாலியத் தாவரவியலாளர் பியர் அன்டோனியோ மிக்கேலி இந்த வடிவத்தைக் கண்டுதான், தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியின் பெயரால் இதற்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயரிட்டார். நம் கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்பின் தலையை நினைத்துக்கொண்டால் எவருக்கும் அது மறக்காது. இந்தத் தலை காற்று உள்ள இடத்தில்தான் உருவாகும். திசுவுக்குள் புதைந்து வளரும் ஆஸ்பர்ஜில்லஸில் வெறும் இழைகளைத்தான் பார்க்க முடியும். எனவே, தலை தெரிந்தால் பூஞ்சையின் பெயரை ஓரளவு துணிந்து எழுதலாம். இழை மட்டும் தெரியும்போது அந்தத் துணிவு கூடாது என்பதை நான் பல ஆண்டுகள் கழித்து, வேறொருவரின் உயிரை முன்வைத்துத்தான் உணர்ந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மேல்மடலுக்கு உரியவரின் மனைவி ஒரு நாள் அறிக்கை வாங்க நேரில் வந்தார். எங்கள் துறைக்கு நோயாளிகளின் வீட்டார் வருவது அரிது. “டாக்டரம்மா, அப்போ இவருக்கு டி.பி. இல்லையா? மூணு தடவை மாத்திரை சாப்பிட்டாரே” என்று கேட்டார். முதல் முறை இருந்தது உண்மையான காசநோய்தான். சளியில் கிருமி இருந்ததற்கான பழைய சீட்டு அவரிடமே இருந்தது. மருந்தால் அது குணமாகி, மேல்மடலில் வெறும் பொந்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. காற்றில் எப்போதும் மிதக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் அந்தப் பொந்தில் இறங்கி வளர்ந்தன. அதன்பின் இருமல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் என்று அவர் போனபோதெல்லாம், எக்ஸ்ரேயில் மேல்மடல் நிழலைப் பார்த்து, சளியில் கிருமி இல்லாமலேயே, இரண்டு முறை மறுபடியும் காசநோய் மருந்து கொடுத்திருக்கிறார்கள். காசநோய் மிகுந்த நாட்டில் அப்படி நினைப்பது இயல்பு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இயல்பு அவரிடமிருந்து நான்கு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

இப்போது இந்த நிலைக்கு நாட்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லஸ் நோய் என்று தனிப் பெயர் இருக்கிறது; இரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனையும், பொந்தையும் அதன் சுவரையும் தெளிவாகக் காட்டும் சி.டி. ஸ்கேனும் உள்ளன. காசநோய் முடிந்த ஒருவருக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருமலும் மெலிவும் நீடித்து, சளியிலும் சிபிநாட் என்ற மரபணுச் சோதனையிலும் காசநோய்க் கிருமி கிடைக்காவிட்டால், இந்தச் சோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். பொந்துக்குள் புதிதாக ஒன்று வளர்ந்திருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. பூஞ்சைக்காகத் தரப்படும் இட்ராகொனசோல் மாத்திரையின் அளவை இரத்தத்தில் பெரிதும் குறைத்துவிடும் வல்லமை, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு இருக்கிறது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், பூஞ்சைக்கு மருந்தே போய்ச் சேராத நிலை உண்டாகிவிடும். இருமலில் வெறும் கோடாக வரும் இரத்தம் ஒரே இரவில் கிண்ணம் கிண்ணமாக மாறக்கூடும் என்பதால், அதைப் பொறுத்துப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் நுழையாவிட்டாலும், பொந்தின் சுவரில் புதிது புதிதாக முளைக்கும் குழாய்கள் மிக மெல்லியவை. நான் பார்த்த அந்த மடலிலேயே அப்படி ஒரு குழாயின் சுவர் அரிக்கப்பட்டு, காகிதத்தைப் போல ஆகியிருந்தது.

ஒரே ஆஸ்பர்ஜில்லஸ் நான்கு விதமான நோய்களை உண்டாக்கும் என்று பாடநூலில் படித்தபோது அது தேர்வுக்கான செய்தியாக மட்டுமே இருந்தது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயில் அது திசுவுக்குள் நுழைவதே இல்லை. பசை போன்ற சளியில் சில இழைகளாக ஒட்டிக்கொண்டு, ஒவ்வாமையைத் தூண்டுகிறது. அந்தச் சளியை வெட்டிப் பார்த்தால் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் வரிவரியாகச் செத்துக் கிடக்கும். அவற்றிலிருந்து பிறந்த ஊசி போன்ற ஷார்கோ-லைடன் படிகங்கள் மின்னும். பூஞ்சையைத் தேடினால் இழைகள் ஒன்றிரண்டுதான் அகப்படும். பழைய பொந்தில் அது உருண்டையாகக் குடியிருக்கிறது. ஓரளவு எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் மாதக்கணக்கில் மெதுவாகத் திசுவை அரிக்கிறது. வெள்ளணுக்கள் அடியோடு குறைந்த இரத்தப் புற்றுநோயாளியிடம் சில நாட்களிலேயே இரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உள்ளே போய், குழாயை அடைத்து, அதற்கு அப்பால் உள்ள நுரையீரலைச் சாகடிக்கிறது. எனவே ‘பூஞ்சை காணப்படுகிறது’ என்று எழுதி முடிக்கும் அறிக்கை, மருத்துவருக்கு ஏறத்தாழ எதையுமே சொல்லாத அறிக்கை. பூஞ்சை எங்கே இருக்கிறது, உயிருள்ள திசுவுக்குள் நுழைந்திருக்கிறதா, குழாய்ச் சுவரைக் கடந்திருக்கிறதா, உடல் அதை எதிர்த்து என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எழுதினால்தான் அந்த நான்கில் இது எது என்பது அவருக்குப் புரியும். பேராசிரியர் அன்று உருண்டையைப் பற்றிக் கேட்ட கேள்வியும் இதுவேதான்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல், இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் மூச்சுக்குழாயிலிருந்து, ப்ரோங்கோஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழாய் வழியாக எடுத்த நான்கு சிறு துண்டுகள் எனக்கு வந்தன. கடுகை விடச் சற்றே பெரியவை. பெரும்பகுதி செத்த திசு. பூஞ்சைக்கான ஜி.எம்.எஸ். என்ற வெள்ளிச் சாயத்தில் இழைகள் கருப்பாகத் தெரிந்தன. சில இழைகளின் குறுக்கே கோடுகள் இருப்பதாக எனக்குத் தோன்றியது; அவற்றைக் குறுக்குச் சுவர்கள் என்று எடுத்துக்கொண்டு, ‘ஆஸ்பர்ஜில்லஸை ஒத்த பூஞ்சை’ என்று கையெழுத்திட்டேன். அதன்பேரில் வோரிகொனசோல் என்ற பூஞ்சை மருந்து தொடங்கப்பட்டது. ஆறாம் நாள் அவர் இரத்தம் கக்கி இறந்துபோனார். வீட்டாரின் சம்மதத்தோடு, இறந்தபின் ஊசியால் எடுத்த நுரையீரல் திசுவில், ஒரு தமனிக் கிளையை முற்றிலும் அடைத்துக்கொண்டு, அகன்று, நாடாவைப் போல மடிந்து மடிந்து கிடந்த இழைகளைப் பார்த்தேன். அது மியூகோர் இனப் பூஞ்சை. வோரிகொனசோல் அதை ஒன்றும் செய்யாது. அதற்குத் தேவை ஆம்ஃபோடெரிசின்.

பழைய ஸ்லைடுகளை எடுத்து மறுபடி வைத்தேன். வெள்ளிச் சாயத்தில் நான் கண்ட குறுக்குக் கோடுகள் எல்லாம் நாடா மடிந்த இடங்கள். அதே துண்டின், எல்லாத் திசுவுக்கும் போடும் சாதாரணச் சாயமான ஹெமாடாக்சிலின்-இயோசின் ஸ்லைடில், செத்த திசுவின் ஓரத்தில், சிவப்பணுக்களுக்குப் பக்கத்திலேயே ஓர் இழை கிடந்தது. சிவப்பணு ஒன்றின் அகலம் ஏறத்தாழ 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அந்த இழை அதைப் போல இரு மடங்கு அகலம். ஆஸ்பர்ஜில்லஸ் இழை பெரும்பாலும் 3 முதல் 6 மைக்ரானுக்குள், ஒரே சீரான அகலத்தில், ஒழுங்கான குறுக்குச் சுவர்களோடு, கூர்ங்கோணத்தில் கிளை பிரிந்து போகும். மியூகோர் இழையின் அகலம் சீராக இராது. 6 மைக்ரானிலிருந்து 25 வரைகூடப் போகும், குறுக்குச் சுவர் அரிது, கிளை செங்கோணத்தில் பிரியும். கோணத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனென்றால் மெழுகுக் கட்டியை எந்தத் திசையில் சீவுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். அகலமோ அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அளவுகோலாகச் சிவப்பணு எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. அதை அன்று நான் பயன்படுத்தவில்லை. சரியான மருந்து முதல் நாளே தொடங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு அது கொடிய நோய்தான். ஆனாலும் அந்த ஆறு நாட்கள் என் கையெழுத்தின் கணக்கில் இருக்கின்றன. நுரையீரல் மருத்துவரிடம் நானே போய்ச் சொல்லி, திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன்.

அதன்பின் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். பூஞ்சை என்று ஐயம் எழுந்தாலே ஜி.எம்.எஸ்., பி.ஏ.எஸ். ஆகிய இரண்டு பூஞ்சைச் சாயங்களையும் கேட்கிறேன், ஆனால் அவற்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. 1955-ல் குரோக்காட் என்பவர் பூஞ்சைக்கென்று பயன்படுத்திக் காட்டிய வெள்ளிச் சாயம் ஓர் அருமையான கருவி. பச்சைப் பின்னணியில் ஒரே ஓர் இழையைக்கூடக் கருப்பாக எடுத்துக் காட்டும். ஆனால் சாயம் சற்று மிஞ்சிவிட்டால் இழையின் உள்ளமைப்பு முழுவதும் கருமையில் மறைந்துவிடும்; மியூகோர் இழையோ சில சமயம் இந்தச் சாயத்தை மிக மங்கலாகவே ஏற்கும், ஹெமாடாக்சிலின்-இயோசினில்தான் நன்றாகத் தெரியும். நுரையீரலில் எப்போதும் இருக்கும் கரித்தூளும் மீள்தன்மை நார்களும்கூடக் கருப்பாகவே விழும். ஒவ்வொரு முறையும் பூஞ்சை உள்ளது என்று தெரிந்த ஒரு கட்டுப்பாட்டு ஸ்லைடைக் கூடவே சாயமேற்றச் சொல்லி எங்கள் டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்; அவர் அதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பெயர் எழுதும் விதத்தையும் மாற்றினேன். ஆஸ்பர்ஜில்லஸைப் போலவே மெல்லிய, குறுக்குச் சுவருள்ள இழைகள் ஃபுசேரியம், செடோஸ்போரியம் என்ற வேறு பூஞ்சைகளுக்கும் உண்டு. செடோஸ்போரியம் ஆம்ஃபோடெரிசினுக்குப் பெரும்பாலும் அடங்காது. ஆகவே கண்ட வடிவத்தை அப்படியே எழுதி, பொருந்தக்கூடிய இனங்களைக் குறிப்பிட்டு, இறுதிப் பெயரை வளர்ப்புச் சோதனைக்கு (கல்ச்சர்) விடுகிறேன். அகன்ற இழையைக் கண்டால் மட்டும் தட்டச்சுக்குக் காத்திராமல் உடனே தொலைபேசியை எடுக்கிறேன்.

2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் மியூகோர் நோய் அரசுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக்கப்பட்டபோது, இந்தப் பழக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது. பெரும்பாலோருக்கு மூக்கிலும் சைனஸிலும் கண்குழியிலும்தான் வந்தது; நுரையீரலில் வந்தவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் நிலை மிகவும் மோசமாக இருந்தது. கோவிட்டுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டும், ஏற்கெனவே இருந்த அல்லது ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரையும் பூஞ்சைக்கு வழி திறந்தன. இரத்தம் அமிலத்தன்மை அடையும்போது புரதத்தோடு கட்டுண்டிருக்கும் இரும்புச்சத்து விடுபடுகிறது. அந்த இரும்பை உண்டுதான் ரைசோபஸ் போன்ற மியூகோர் இனப் பூஞ்சைகள் பெருகுகின்றன. செய்திகளில் எல்லாம் ‘கருப்புப் பூஞ்சை’ என்றே எழுதினார்கள். நாங்கள் அறுத்த திசுக்களில் கருப்பாக இருந்தது பூஞ்சை அல்ல, இரத்த ஓட்டம் நின்று செத்த நம் திசுதான். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கருமை தெரியும்வரை காத்திருப்பது என்றால், குழாய் அடைபட்டு முடியும்வரை காத்திருப்பதாகும். அந்த நாட்களில் திசுவின் ஒரு சிறு துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நசுக்கி, அரை மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்லிவிடுவோம். ஆம்ஃபோடெரிசினுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், யாருக்கு அது உண்மையில் தேவை என்பதை விரைந்து சொல்வதும் ஒரு கடமையாக இருந்தது.

இழைகளாக வளராத பூஞ்சைகள் வேறு விதமாக நம்மை ஏமாற்றும். கட்டட வேலைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரின் நுரையீரல் திசுவில் கிரானுலோமா என்ற அழற்சிச் செல் முடிச்சுகளும், நடுவே பாலாடைக்கட்டி போன்ற அழிவும் இருந்தன. நம் ஊரில் அப்படி ஒரு ஸ்லைடைப் பார்த்தால் கை தானாகவே காசநோய் என்று எழுதும். காசநோய்க் கிருமிக்கான சாயத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததாலேயே அது காசநோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் உண்மை. ஆனால் படிவத்தில் அவருடைய சொந்த ஊரை யாரோ அக்கறையாக எழுதியிருந்தார்கள். கங்கைச் சமவெளியில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை உண்டு என்பது நினைவுக்கு வர, ஜி.எம்.எஸ். கேட்டேன். 2 முதல் 4 மைக்ரான் அளவிலான சிறு ஈஸ்ட் செல்கள், ஒடுங்கிய கழுத்தோடு மொட்டு விட்டபடி, கொத்துக் கொத்தாக இருந்தன. பனாமாவில் இந்நோயை முதன்முதலில் கண்டு 1906-ல் எழுதிய சாமுவேல் டார்லிங் என்ற நோய்க்குறியியலாளரே இதை உறையுள்ள ஒரு புரோட்டோசோவா (ஓரணு ஒட்டுண்ணி) என்றுதான் எண்ணி, உறையைக் குறிக்கும் சொல்லையும் பெயரில் சேர்த்தார்; அது புரோட்டோசோவாவும் இல்லை, அதற்கு உறையும் இல்லை. மாறாக, உண்மையிலேயே உறையுள்ள கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, நுரையீரலில் ஒற்றைக் கட்டியாக நின்று புற்றுநோயைப் போல ஏமாற்றியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். செல்லைச் சுற்றி வெற்று வட்டம் போலத் தெரிவதுதான் அந்த உறை. மியூசிகார்மைன் சாயத்தில் அது சிவக்கும். அது உறுதியானால் எச்.ஐ.வி. சோதனையும், மூளைக்குப் பரவியிருக்கிறதா என்பதற்கான தேடலும் வேண்டும் என்று அறிக்கையின் கீழேயே எழுதிவிடுவது நல்லது.

இத்தனைக்கும் அடிப்படையாக இருப்பது, எங்கள் அறைக்கு வெளியே, திசுவை எடுக்கும் மேசையருகில் நடக்கும் ஒரு சிறு செயல். எடுத்த துண்டுகள் அனைத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும். அதன்பின் அதை வளர்க்கவே முடியாது, எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் அறிய முடியாது. மெழுகுக் கட்டியிலிருந்து பி.சி.ஆர். செய்யலாம் என்றாலும் ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்திருக்கும். ஒரு பகுதியையாவது சுத்தமான சலைனில் (உப்புக் கரைசலில்) போட்டு, தாமதமின்றி நுண்ணுயிரியல் துறைக்கு அனுப்ப வேண்டும்; மியூகோர் ஐயம் இருந்தால் திசுவை அரைக்கக் கூடாது, பொடியாக நறுக்கவே வேண்டும் என்றும் சீட்டில் எழுத வேண்டும். குறுக்குச் சுவர் இல்லாத இழை ஓரிடத்தில் உடைந்தால் முழுவதும் செத்துப்போகும் என்பதே காரணம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நுரையீரலில் பயாப்சி எடுக்கிறார்கள் என்றால், “கல்ச்சருக்கும் அனுப்புகிறீர்களா டாக்டர்?” என்று கேளுங்கள். சர்க்கரை, ஸ்டீராய்டு மாத்திரைகள், பழைய காசநோய், செய்த வேலை, பிறந்து வளர்ந்த ஊர், வீட்டில் புறா வளர்ப்பது எல்லாவற்றையும் சொல்லி, படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் படிவம்தான் நோயாளியைப் பார்க்காத எங்களிடம் அவரைப் பற்றிப் பேசும் ஒரே குரல்.

சென்ற மாதம் ஒரு மாலை, ப்ரோங்கோஸ்கோபி அறையிலிருந்து இரண்டு பாட்டில்கள் வந்தன. ஒன்றில் ஃபார்மலின், ஒன்றில் சலைன். படிவத்தில் சர்க்கரை அளவு, ஸ்டீராய்டின் அளவு, சி.டி.யில் கண்டது எல்லாம் பின்பக்கம் வரை எழுதப்பட்டிருந்தன. நசுக்கிய துணுக்கில் அகன்ற நாடாக்களைப் பார்த்ததும் தொலைபேசியில் மருத்துவரிடம் பேசினேன். இரவு எட்டு மணிக்குள் ஆம்ஃபோடெரிசின் ஏறத் தொடங்கிவிட்டது, சர்க்கரையையும் அமிலத்தையும் இறக்கும் வேலையும் கூடவே நடந்தது. மூன்றாம் நாள் காலை நுண்ணுயிரியல் துறைத் தோழி கூப்பிட்டுக் காட்டிய வளர்ப்புத் தட்டில், சாம்பல் நிறப் பஞ்சு மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. “ரைசோபஸ்தான்” என்றார். நோயாளியின் மெழுகுக் கட்டியில் அன்றுதான் முதல் சீவல் எடுத்திருந்தோம்.